சந்தியில் இறங்கிய மூன்று பேர்

இந்த ஊரில் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு போவார்கள். மூளை பிசகியவர்கள் இல்லை, நல்ல உத்தியோகத்தில் இருக்கிற மனிதர்கள்தான். விடுமுறை நாள் விடிந்தால் காரின் பின்பக்கம் ஒரு கம்பிச் சட்டத்தைப் பூட்டி, அதிலே சைக்கிளைக் கட்டி, ஆற்றங்கரைவரை சொகுசாகக் காரில் போவார்கள். அங்கே இறக்கி ஓடி, வேர்த்து விறுவிறுத்து, பிறகு அதே சைக்கிளைக் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். மொன்றியலுக்கு வந்த புதிதில், பார்க் எக்ஸில் எங்கள் வாசலில் நின்று இதை முதன்முதல் பார்த்த தவம் அண்ணை, "தங்கச்சி, பாவம், அந்தாளின்ரை சைக்கிள் பழுது போல. திருத்தக் கொண்டுபோறார்" என்றார். தவம் அண்ணை எங்களுக்கு மேல்மாடியில் குடியிருப்பவர். சொந்தம் இல்லை. ஆனால் சொந்தக்காரரைவிட அதிகம் எங்கள் வீட்டுத் தேத்தண்ணீர் குடித்தவர்.

யாழ்ப்பாணத்தில் சைக்கிளை யாரும் சுமந்ததில்லை. அதுதான் எங்களைச் சுமந்தது. சண்டையால் பெற்றோல் வராத அந்த வருஷங்களில் அரிசி மூட்டையும் தண்ணீர்க் கானும் காய்ச்சல்காரரும் சைக்கிளில்தான் போனார்கள். ஒருமுறை எங்கள் ஒழுங்கையால் பட்டுவேட்டியைத் தொடைவரை மடித்துக் கட்டிய கலியாண மாப்பிள்ளை ஒருவர், தோழனைக் கரியரில் ஏற்றிக்கொண்டு தானே மிதித்துப் போனார். ரியூசனுக்குப் போகும் பெண்பிள்ளைகள் நாங்களும் டபிள்ஸ்தான். ஒருத்தி மிதிக்க, ஒருத்தி பின்னால் இருந்து பாடத்தைப் படித்துச் சொல்லிக்கொண்டு வருவாள். எனக்கு விலங்கியல் முழுவதும் முதுகுக்குப் பின்னால் கேட்டுத்தான் பாடம்.

அப்படிப்பட்ட நான் இங்கே வந்து வெகுகாலம் சைக்கிளைத் தொடவில்லை. பஸ், மெற்றோ, வேலை, பிள்ளைகள் என்று காலம் ஓடிவிட்டது. சென்ட் லோரன்டில் மருந்து பொதி செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. பக்கத்து மேசையில் நின்று வேலை செய்பவள் மிரேய். ஹெயிட்டியில் பிறந்தவள், உயரமும் பருமனும் கணீரென்ற குரலும் உள்ளவள். உடுப்பு மாற்றும் அறையில் அவளுடைய அலுமாரிக் கதவின் உட்புறம் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒட்டியிருந்தது. வளைந்த ஹாண்டிலில் குனிந்து சைக்கிளில் அமர்ந்திருக்கும் ஒரு கறுப்பின இளைஞர். ஒருநாள் மரியாதைக்காக விசாரித்தேன்.

"உன்ரை அப்பாவோ?"

மிரேய் பெரிதாகச் சிரித்து, அந்தப் பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் அதைச் சொல்லி மறுபடியும் சிரித்தாள். அவர் அவளுடைய அப்பாவுக்கு அப்பாவுக்கும் மூத்தவராம். அமெரிக்காக்காரர். நூறு வருஷத்துக்கும் முன்னால் இதே மொன்றியலில் உலகச் சைக்கிள் பந்தயத்தில் வென்ற சாம்பியன். சொந்த நாட்டில் பல பந்தயத் திடல்களுக்குள் அவரைத் தோல் நிறத்துக்காகவே விடவில்லை. விட்ட இடங்களிலும் மற்ற ஓட்டக்காரர் சேர்ந்து மறித்தார்கள், இடித்தார்கள், விடுதிகளில் படுக்க இடம் கொடுக்கவில்லை. அந்த மனிதர் இங்கே வந்து எல்லோரையும் முந்திக்கொண்டு போனார். மிரேயும் அவளுடைய ஆட்களும் வைத்திருக்கிற சைக்கிள் சங்கம் அவர் நினைவாக வருஷாவருஷம் தொழிலாளர் தினத்தில் ஊர்வலம்போல ஒரு கூட்டுச் சவாரி போகும். மே மாதத்தில் சிவப்புக் கொடியோடு தொழிலாளர் தினம் பார்த்த எங்களுக்கு, இங்கே அது செப்டெம்பரில், சோளம் அவித்துத் தின்னும் நாளாக வரும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இந்த முறை மிரேய்க்கு அது வெறும் சவாரி இல்லை. வெர்டன் பக்கத்தில், பழைய பந்தயத் திடல் இருந்த இடத்துக்குக் கிட்ட ஒரு பூங்காவில் சவாரி முடியும். அங்கே ஒருவர் சாம்பியனைப் பற்றிப் பேசவேண்டும். வழக்கமாகப் பேசுபவர் சங்கத் தலைவர் மிசியே ஒக்தாவ், எங்கள் ஊரென்றால் ஒக்தாவ் ஐயா. நல்ல மனிதர். ஆனால் மைக் கையில் வந்தால் கொடுக்க மாட்டார், கேட்பவர்களின் சோளமெல்லாம் ஆறிப்போகும். இந்த வருஷம் பெண்கள் கூடி வாக்குவாதப்பட்டு மிரேயைப் பேசவைப்பதென்று முடிவெடுத்திருந்தார்கள். மிரேய் நாற்பது தாண்டித்தான் சைக்கிளே பழகியவள். ஊரில் பெண்பிள்ளைக்குச் சைக்கிள் எதற்கு என்று விட்டுவிட்டார்களாம். மேடையில் ஒருநாளும் ஏறாதவள். கோடை முழுவதும் மதிய இடைவேளையில் என்னை எதிரே இருத்திவைத்து அந்தப் பேச்சைப் பேசிப் பார்த்தாள். அவள் பேசுவது பிரெஞ்சு, எனக்குப் பாதிதான் விளங்கும். ஆனால் எந்த இடத்தில் அவளுடைய குரல் நடுங்குகிறது என்று எனக்குத் தெரியும். அந்த இடம் வந்தால் நான் தலையை ஆட்டுவேன், அவள் தாண்டிப் போய்விடுவாள்.

"நீ வரவேணும். முன்னுக்கு நிண்டு தலையை ஆட்டவேணும்" என்றாள்.

நான் போனால் இவர், என் கணவர், வரவேண்டும். அவர் வந்தால் தவம் அண்ணை வராமல் இருப்பாரா? மூன்று பேருக்கும் பழைய சைக்கிள்கள் தேடிப்பிடித்தோம். என்னுடையது நிமிர்ந்த ஹாண்டிலும் பெரிய மட்காட்டும் உள்ள கிழட்டுச் சைக்கிள். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி வாங்கிக் கட்டிவர வசதியாக, இவர் இரும்புக் கம்பி வளைத்து அதற்கு ஒரு கரியர் பூட்டித் தந்தார்.

அன்று காலை சந்தைக்குப் பக்கத்தில் கூடினோம். தோலோடு ஒட்டிய மினுங்கல் உடுப்பும் வண்டுமாதிரிக் கண்ணாடியும் போட்ட ஆட்கள் ஒரு பக்கம், பூப்போட்ட சட்டையும் வாத்தியமுமாக மிரேயின் ஆட்கள் ஒரு பக்கம், நடுவே நாங்கள். தவம் அண்ணை காற்சட்டையின் வலது காலைச் செயினில் சிக்காமல் றப்பர் வளையத்தால் இறுக்கியிருந்தார். என் கரியரைப் பார்த்து, "வசந்தி, இது சைக்கிளோ, பிள்ளை, இல்லாட்டி லொறியோ?" என்றார். இவர் விட்டுக்கொடுக்கவில்லை. "நீங்கள் களைச்சு விழுந்தா ஏத்திக்கொண்டு போகத்தான் அண்ணை பூட்டினனான்."

புறப்படுமுன் விதிகள் சொன்னார்கள். இரண்டு இரண்டு பேராக ஓடவேண்டும். முந்தும்போது "ஆ கோஷ்!" என்று கத்தவேண்டும், இடப்பக்கம் வருகிறேன் என்று அர்த்தம். சந்திகளில் பொலிஸார் வாகனங்களை மறித்து வழிவிடுவார்கள், அங்கே நிற்காமல் போய்க்கொண்டே இருக்கவேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், எவரும் திடீரென்று நிற்கக்கூடாது. கூட்டத்தில் இதற்கு மிகவும் பலமாகத் தலையாட்டியவர்கள் நாங்கள் மூவரும்தான்.

முதலில் எல்லாம் அருமையாகப் போனது. கால் மறக்கவில்லை. காற்று முகத்தில் பட்டது. வெளிமாடிப் படிகளில் கோப்பியோடு உட்கார்ந்திருந்தவர்கள் கை காட்டினார்கள். தவம் அண்ணை தெரிந்த மூன்று பிரெஞ்சுச் சொற்களையும் எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டு, "பொன்ஷூர்! மெர்சி! சவா!" என்று ராசா மாதிரி வந்தார். மிரேய் எனக்குப் பின்னால் வந்தாள். வாய்க்குள் பேச்சை முணுமுணுத்துக்கொண்டு வருவது எனக்குக் கேட்டது.

கால்வாயை அண்டிய ஒரு பெரிய சந்தி. நடுவே நீல உடுப்பில் ஒரு பொலிஸ்காரர், இடுப்பில் துவக்கு, ஒரு கையை உயர்த்திக் கார்களை மறித்தபடி நிற்கிறார். மற்றக் கையால் எங்களை வா வா என்கிறார். எனக்கு அந்த வா தெரியவில்லை. உயர்த்திய கைதான் தெரிந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. பிறேக்கைப் பிடித்து, சீற்றிலிருந்து சறுக்கி இறங்கி, தலையைக் குனிந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தேன். பக்கத்தில் இவரும் இறங்கி நடக்கிறார். முன்னால் தவம் அண்ணையும் இறங்கி நடக்கிறார். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

ஊரில் ஆமிக்காரரின் சென்றியைக் கடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். காவலரணுக்கு ஒரு தூரம் முன்னதாக இறங்கவேண்டும். அடையாள அட்டை கையில் இருக்கவேண்டும். பார்வை ரோட்டில் இருக்கவேண்டும். டபிள்ஸ் வந்தால் இரண்டு பேரும் நடக்கவேண்டும். கடந்த பிறகு உடனே ஏறவும் கூடாது, ஏறுவதற்கும் ஒரு தூரம் இருந்தது. அது எவ்வளவு தூரம் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. முன்னால் போகிறவர் ஏறினால் நாங்களும் ஏறுவோம். பள்ளிக்கூடம் போகவும் கோயிலுக்குப் போகவும் செத்தவீட்டுக்குப் போகவும் இதே இறக்கம், இதே ஏற்றம்.

மொன்றியல்காரருக்கு அது எப்படித் தெரியும்? எங்களுக்குப் பின்னால் டமார் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. சாய்ந்தவரின் மேல் சாய்ந்து ஒரு வரிசையே சரிந்தது. யாருக்கும் பெரிதாக அடி இல்லை, முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. வண்டுக்கண்ணாடிக்காரர் ஒருவர் மட்டும் எழும்பி நின்று, "மே வோயோன்! புர்குவா?" என்று கத்தினார். இதென்ன, ஏன் என்கிறார்.  பொலிஸ்காரர் ஓடிவந்தார். அவர் கிட்ட வருமுன்னமே தவம் அண்ணை சட்டைப்பையிலிருந்து சூரியப் படம் போட்ட மருத்துவ அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றார். பொலிஸ்காரர் பதறிவிட்டார். மனுசனுக்குக் கடுமையான காயம், ஆஸ்பத்திரி கேட்கிறார் என்று நினைத்து, "எங்கே நோகிறது, மிசியே? எங்கே?" என்று தலையிலிருந்து கால்வரை பார்த்தார். தவம் அண்ணை, "மெர்சி, மெர்சி" என்றார்.

"ஏன் அண்ணை மெடிக்கல் காட்டை நீட்டினனீங்கள்?" என்று இவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"கேக்க முதல் குடுத்தா ஒரு கரைச்சலும் இல்லை, தம்பி."

எனக்குச் சிரிப்பு வந்த அதே வேளையில் மிரேயைக் கண்டேன். நடைபாதை விளிம்பில் இருந்தாள். அவளுடைய முன்சில்லு பொரித்த அப்பளம்போல நெளிந்து கிடந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. மிசியே ஒக்தாவ் வந்து பார்த்தார். பொலிஸாரை அதிக நேரம் மறித்துவைக்க முடியாது, கூட்டம் போகத்தான் வேண்டும். சாப்பாடு ஏற்றிய வான் முன்னமே பூங்காவுக்குப் போய்விட்டது, அதை ஓட்டியவர் போனை எடுக்கிறாரில்லை. பூங்காவில் மைக் வைக்கக் கொடுத்த நேரமும் கொஞ்சம்தான். "கவலைப்படாதே மிரேய், பேச்சை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அந்த ஆறுதலில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்ததை நான் மறைக்கப் போவதில்லை. கூட்டம் போய்விட்டது.

மிரேய் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். "அடுத்த வருசம் பாப்பம்" என்றாள். அடுத்த வருஷம் அவளிடம் கேட்கமாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்களுடைய சைக்கிள் ஒன்றைக் கொடுக்கலாம், ஆனால் நாற்பது தாண்டிப் பழகியவளுக்குத் தன் சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓட வராது. நான் என் சைக்கிளைத் திருப்பி அவள் முன்னால் நிறுத்தினேன். கரியரில் தட்டினேன். "ஏறு."

"என்னது?"

"ஏறு. இரு. என்ரை இடுப்பைப் பிடி."

"உனக்கு விசரோ? என்னைப் பாத்தியோ, உன்னைப் பாத்தியோ?"

இவர் இடையில் வந்தார். "இஞ்சை பாரும் வசந்தி, அந்தக் கரியர் கத்தரிக்காய்க்குப் பூட்டினது." சொல்லிக்கொண்டே குனிந்து, ஆணிகளை இன்னொருமுறை இறுக்கினார். பிறகு நெளிந்த சில்லைத் தரையில் வைத்து மிதித்து, ஏறி ஓட முடியாவிட்டாலும் உருளும் அளவுக்கு நிமிர்த்தி, தன் சைக்கிளில் ஏறி, ஒரு கையால் மிரேயின் சைக்கிளைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஓடத் தயாரானார். ஒரு சைக்கிளை ஓடிக்கொண்டு இன்னொன்றைக் கூட்டிப் போவதை இந்த ஊரில் யாரும் கண்டிருக்க மாட்டார்கள். கால்வாயோரம் நடந்தவர்கள் நின்று பார்த்தார்கள். தவம் அண்ணை முன்னால் போய், பெல்லை அடித்து வழிவிலக்கினார்.

முதல் கொஞ்சத் தூரம் தள்ளாடினோம். மிரேய் கத்தினாள், கடவுளைக் கூப்பிட்டாள், பிறகு என் முதுகில் முகத்தைப் புதைத்தாள். உடம்பைச் சாயாமல் வைத்திருக்கச் சொன்னேன். சமநிலை பிடிபட்டதும் பாதை எங்களுக்காகவே போட்டதுபோல் இருந்தது. என் மூச்சு மட்டும் உலைத்துருத்தி மாதிரி வந்தது. பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"ஏன் இறங்கினீங்கள்? மூண்டு பேரும் ஒண்டா?"

மிதித்துக்கொண்டே தொழிற்சாலைப் பிரெஞ்சில் எவ்வளவு சொல்லமுடியும்? "சோல்தா" என்றேன், ஆமிக்காரர். "தெசாந்ர்" என்றேன், இறங்கு. "மார்ஷே" என்றேன், நட. "எல்லா நாளும். சின்னனிலை இருந்து." அந்த மூன்று சொல்லுக்குள் என் இளவயது அடங்கிவிட்டதே என்று எனக்கே அதிசயமாக இருந்தது.  என் இடுப்பைப் பிடித்திருந்த மிரேயின் கை கொஞ்சம் இறுகியது.

பூங்காவுக்கு முன்னால் கடைசிச் சந்தி. அங்கே ஒரு பெண் பொலிஸ். எங்களைக் கண்டதும் கையை நீட்டி நிறுத்தினார். இந்த முறை உண்மையாகவே நிறுத்தினார். இப்படி இரண்டு பேர் ஓடுவது சட்டத்துக்கு மாறு என்றார். மிரேய் குதித்திறங்கி ஒரே மூச்சில் எல்லாம் சொன்னாள்: சாம்பியன், பேச்சு, சில்லு, ஒக்தாவ். ஒக்தாவ் என்றதும் அந்தப் பெண்ணுக்கு முகம் மாறியது. சற்று முன்னர் கூட்டம் கடந்தபோது ஒக்தாவ் இவரையும் பிடித்து நீளமாகப் பேசிவிட்டுத்தான் போயிருக்கிறார் போல. கார்களை மறித்துவிட்டுச் சொன்னார்: "இறங்கினபடி நடந்து கடவுங்கள். அந்தப் பெரிய மரத்துக்கு அங்காலை நான் பார்க்க மாட்டேன்."

எனக்கு அடக்கமாட்டாத சிரிப்பு. இறங்கி நட, ஒரு தூரம் போய் ஏறு. எந்த ஊரிலும் அதே விதிதான். ஆனால் இந்தப் பெண் கண்ணைச் சிமிட்டினார். மரத்தைத் தாண்டி ஏறினோம்.

பூங்காவில் மிசியே ஒக்தாவ் மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். கரியரில் ராணி மாதிரி வந்திறங்கிய மிரேயைக் கண்டு கூட்டம் கைதட்டியதில் அந்தச் செருமல் அமுங்கிப்போனது. மைக்கைக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது அவரும் சிரித்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் முன்னுக்கு நின்று தலையாட்டினேன். குரல் நடுங்கும் இடம் வந்தது. சாம்பியன் வென்றபோது இங்கே அவருடைய நாட்டுக் கீதத்தை வாசித்தார்களாம். தன்னை உள்ளே விடாத நாட்டின் கீதம். அதைக் கேட்டு அந்த மனிதர் நின்றார். மிரேய் அந்த இடத்தைத் தாண்டினாள். அடுத்து நான் கோடை முழுவதும் கேளாத எதையோ பேசத் தொடங்கினாள். "சோல்தா" கேட்டது. "தெசாந்ர்" கேட்டது. எல்லோரும் திரும்பி எங்கள் மூவரையும் பார்த்தார்கள். தவம் அண்ணை சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். மிரேய் சொன்னதைப் பிறகு கேட்டு அறிந்தேன். "இவர்கள் பிழை விடவில்லை, இன்னொரு நாட்டின் விதியைச் சரியாகச் செய்தார்கள். சாம்பியனும் தன்னை மறித்த இடங்களையெல்லாம் காலில் சுமந்துகொண்டுதான் இங்கே வந்திருப்பார். திரும்பிப் போகும்போது இந்த மூன்று பேருக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். விடாவிட்டால் என்னிடம் வேறு சில்லு இல்லை." கூட்டம் சிரித்தது, தட்டியது. நாற்பது தாண்டிச் சைக்கிள் பழகியவளின் பேச்சு சோளம் ஆறுமுன் முடிந்துவிட்டது. வரும் வருஷமும் இவளே பேசட்டும் என்று யாரோ கத்தினார்கள்.

வண்டுக்கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஹெயிட்டி ஆட்கள் சுட்ட இறைச்சிப் பற்றீஸ் ஒன்றை என் கையில் வைத்தார். "பார்தொன், மதாம்" என்றார். நானும் அதையே சொன்னேன். இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டால் யார் மன்னிப்பது? சேர்ந்து நின்று தின்றோம். சாப்பாட்டு வானில் இருந்த ஒரு சில்லை மிரேயின் சைக்கிளுக்குப் பூட்டிக் கொடுத்தார்கள்.

திரும்பும் வழியில் அதே கால்வாய்ச் சந்தி, அதே பொலிஸ்காரர், அதே உயர்த்திய கை. முன்னால் போனவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் மெல்லப் பிறேக் பிடித்து, ஒரு வீடு கட்டலாம்போல எங்களுக்கு இடம் விட்டார்கள். "இறங்குங்கோ, ஆறுதலா இறங்குங்கோ" என்று மிரேய் பின்னாலிருந்து கத்தினாள். இவர் இறங்கி, தலையை மட்டும் குனியாமல், ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு நடந்தார். தவம் அண்ணை இறங்கவில்லை. "இண்டைக்குக் காட் காட்டியாச்சு, இனி என்னத்துக்கு இறங்குறது" என்று நெஞ்சை நிமிர்த்தி ஓடிப்போனார். போகும்போது சட்டைப்பையை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எனக்கோ ஒன்றும் முடிவாகவில்லை. இவ்வளவு இடம் விட்ட பிறகு இறங்காமல் போவது மரியாதை இல்லை. வா என்கிறவர் முன்னால் இறங்குவதும் மரியாதை இல்லை. வலது கால் பெடலிலேயே இருந்தது. இடது கால் தன்பாட்டில் இறங்கிவிட்டது. செருப்பு ரோட்டில் சரசரவென்று தேய, ஒரு காலால் உந்தி உந்தி, ஓடுகிறேனா நடக்கிறேனா என்று எனக்கே தெரியாமல், இடையிடையே கை காட்டிக்கொண்டு, அந்தச் சந்தியைக் கடந்தேன்.